வெண்தளத்தில் நாற்பது நிமிடம்

ஜெனோவா தினமும் காலையில் காபி குடிப்பதற்கு முன் ஒரு தடவை செத்துப் பிழைப்பாள். அவள் கணவன் ராயப்பன் அவள் கண்ணைத் துணியால் கட்டி, வண்டிக்குள் படுத்தவாக்கில் உட்காரவைத்து, ஏழு பட்டை பெல்ட்டையும் இறுக்கி, மூடியைச் சாத்திவிட்டு, "தீ" என்பான். உடனே அவள் எரிபொருளை அடைக்க வேண்டும். தீயணைப்புக் குப்பியைத் திறக்க வேண்டும். பெல்ட்டை அவிழ்த்து, மூடியைத் தள்ளி, வெளியே உருண்டு விழ வேண்டும். இருபது நொடிக்குள் முடித்தால்தான் ஓட்ட விடுவார்கள்.

"பதினாலு," என்றான் ராயப்பன்.

"நேத்து பதிமூணுல்ல?"

"நேத்து உன் வயித்துல நாலு பரோட்டா இல்ல."

வண்டிக்கு வாளை என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினோரு மீட்டர் நீளம், இடுப்புயரம்கூட இல்லை, வாளைமீன் மாதிரியே தட்டையாக, வெள்ளியாக மின்னும். தொண்டியில் ஒரு வாடகைக் கொட்டகையில் சனி ஞாயிறுகளில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆறு வருடம் செய்தது. இருவருக்கும் அணைக்கரை நீரேற்று நிலையத்தில்தான் வேலை. அங்கே கழித்துப்போட்ட ஹைட்ரஜன் எஞ்சின்தான் வாளைக்கு உயிர். சொந்தக்காரர்களெல்லாம் வீடு கட்டினார்கள். இவர்கள் இதைக் கட்டினார்கள், கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

தீ என்ற சொல் காதில் விழுந்தபோது ஜெனோவாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்தில் யாருக்கும் ஆகாது. பிறந்த மூன்றாம் நாளே காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒன்றைப் பதித்துவிடுவார்கள். அரசுக் காகிதத்தில் நரம்புக்காவல், ஜனங்கள் வாயில் வெறும் காவல். மனதில் பயம் தலைதூக்கும் முன்பே அது அமுக்கிவிடும். ஆபத்து நெருங்கினால் கையையும் காலையும் தானே இழுத்து ஆளைக் காப்பாற்றிவிடும். இரண்டு தலைமுறையாக யாரும் மாடிப்படியில் உருளவில்லை, அடுப்பில் கை சுடவில்லை, கெட்ட கனவு கண்டு அலறி எழவில்லை. நல்ல ஏற்பாடுதான். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் வெண்தளத்தில் அது ஆளைக் கொன்றது. பாக் நீரிணையை இரண்டு பக்கமும் அணை கட்டி அடைத்த பிறகு, தண்ணீர் வற்றிய இடத்தில் அறுபது கிலோமீட்டருக்கு உப்பு படிந்தது. அதற்குத்தான் வெண்தளம் என்று பெயர். ஆவணியில், மழைக்கு முன்னால், அந்த உப்பு கல்லாக இறுகும் பத்து நாளில் வேகப் பைத்தியங்கள் வந்து கூடுவார்கள். பரிசு என்று ஒரு தம்ளர்கூடக் கிடையாது. நானூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி லேசாக வழுக்கினாலும் காவல் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்துவிடும். உப்பில் அப்படிச் செய்தால் வண்டி கரணம் போடும். முதல் வருடம் இரண்டு பேர் செத்தார்கள். அதனால் ஓட்டுகிறவருக்குக் காவலை நிறுத்தினார்கள்.

அடுத்த வருடம் இன்னொருவர் செத்தார். அவர் காவல் நிறுத்தித்தான் இருந்தது. பெல்ட் மாட்டிவிட்டவர் காவலோடு இருந்தார். கொக்கி சரியாக விழாததைப் பார்த்தும், பரவாயில்லை என்று தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து வெண்தளத்தில் ஒரு வழக்கம். வண்டியைக் கடைசியாகச் சோதித்துப் பெல்ட் மாட்டுகிறவரும் காவலை நிறுத்தியாக வேண்டும், ஓட்டுகிறவருக்கும் முன்னதாகவே. ஆளுக்கு நாற்பது நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடச் சட்டம் விடாது.

இருவருக்கும் இதுதான் முதல் தடவை.

ஓட்டத்தன்று காலை ஏழரைக்குச் சோதனை அலுவலர் ஹபீபா வந்தாள். முப்பது வயசு, வார்த்தையைச் செலவழிக்காத பெண். சின்னக் காந்தக்கோலை ராயப்பனின் காதுக்குப் பின்னால் வைத்து எடுத்தாள்.

"ஆரம்பிங்க அண்ணே."

ராயப்பன் முன்சக்கரத்தில் தொடங்கினான். ஜெனோவா தீக்காப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். இரண்டு நிமிடம் வழக்கம்போலத்தான் இருந்தான். அப்புறம் அவன் நடை மாறியது. இறுக்கிய நட்டையே திரும்ப இறுக்கினான். டயரை முகர்ந்து பார்த்தான். இருந்தாற்போல நிமிர்ந்து உப்புவெளியைப் பார்த்தவன், ஒரு அடி பின்னால் வைத்தான்.

"ம்மா, எனக்குக் காய்ச்சலடிக்குது. நெஞ்சு படபடங்குது. வண்டியில ஏதோ கோளாறு இருக்கு."

"என்ன கோளாறு?" என்று கேட்டாள் ஜெனோவா.

"அதான் தெரியல. எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா எதுவுமே சரியில்ல."

"உங்களுக்குக் காய்ச்சல் இல்ல. எல்லாருக்கும் இப்படித்தான் ஆவும்," என்றாள் ஹபீபா. "ஆனா அது சொல்றதைக் கேளுங்க. இன்னொரு சுத்து பாருங்க."

மூன்றாவது சுற்றில் அவன் வால்பக்கம் மண்டியிட்டான். அங்கேதான் இழுகுடை மடித்து வைத்திருந்தது. ஓட்டம் முடிந்ததும் விரிந்து வண்டியை நிறுத்துகிற பாராசூட். அது விரியாவிட்டால் வாளை பாதையைத் தாண்டிப்போய், கடலடிச் சேறு இன்னும் காயாத இடத்தில் மூக்குக் குத்தும். அந்த வேகத்தில் சேறும் சுவரும் ஒன்றுதான். குடையைத் திறக்கும் கேபிளை ராயப்பன் விரலால் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது.

வெகுநேரம் அவன் எழுந்திருக்கவில்லை. ஜெனோவா கிட்டே போய்ப் பார்த்தாள். கேபிளில் மூன்று இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

"நேத்தே பாத்தேன், ஜெனோ," என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "நேத்தே பாத்தேன். ஒரு ஓட்டத்துக்குத் தாங்கும்னு நெனச்சு, சரின்னு போட்டுட்டேன். எப்படிப் போட்டேன்? எப்படி எனக்கு மனசு வந்துச்சு?"

அவளுடைய காவல் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. மூன்று இழைதானே, மாற்றினால் போச்சு என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள். அவன் அவளைப் பார்த்த பார்வை அதுவரை அவள் காணாதது.

மாற்றுக் கேபிள் பெட்டியில் இருந்தது. அவன் அதை மாட்டினான், இழுத்துப் பார்த்தான், திரும்ப இழுத்துப் பார்த்தான், ஹபீபாவையும் இழுக்கச் சொன்னான். அதற்குள் அவனுடைய நாற்பதில் இருபத்திரண்டு நிமிடம் போய்விட்டது. ஹபீபா கோலை ஜெனோவாவின் காதுக்குப் பின்னால் வைத்து எடுத்தாள்.

உள்ளே படுத்து, ராயப்பன் பெல்ட்டை இறுக்க ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு அது வந்தது. உள்ளங்கை நனைந்தது. தினம் காலையில் விளையாட்டாகச் செய்த ஒத்திகை என்னவென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தீ என்றால் நெருப்பு. அவள் வெந்துபோகலாம். இத்தனை நாளும் அந்தச் சொல் வெறும் சொல்லாக இருந்திருக்கிறது.

"ஏங்க," என்றாள். "மூணு இழை."

"மாத்திட்டேன் ஜெனோ. மாத்திட்டேன்."

ஒவ்வொரு கொக்கியையும் மாட்டி, இழுத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கழுத்துக்காப்பு, கைக்கயிறு, காற்றுக்குழாய். கடைசியாக, மூடியைச் சாத்துமுன், குனிந்து அவள் தலைக்கவசத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னான்: "பாத்துப் போ."

அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. வாசலில் நின்று யாரும் யாரிடமும் அதைச் சொல்வதில்லை. பார்த்துக்கொள்ளத்தான் காவல் இருக்கிறதே. அவனுக்கு அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரிந்திருக்காது. மூடியின் கண்ணாடிக்குப் பின்னால் ஜெனோவாவுக்குக் கண் நிறைந்தது.

தள்ளிவிடும் லாரி பின்னாலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் வரை தள்ளிவிட்டது. எஞ்சின் பிடித்தது. இருநூறில் வண்டியின் சத்தம் முன்னால் இருந்தது, முந்நூறில் அது எங்கோ பின்னால் போய்விட்டது. பாதையோரச் சிவப்புக் கொடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கோடாயின. அவள் ஒவ்வொரு உறுப்பும் விழித்திருந்தது. முதுகெலும்பால் உப்பைப் படிக்க முடிந்தது, எங்கே கெட்டி, எங்கே இளக்கம் என்று.

நானூற்று முப்பதில் வால் நழுவியது.

இடப்பக்கம் ஒரு விரற்கடைதான். உடம்பு முழுக்கக் கத்தியது. காவல் இருந்திருந்தால் அந்தக் கணமே கால் பிரேக்குக்குப் போயிருக்கும், நாளைக்கு அவளுக்கு அடக்கப் பூசை நடந்திருக்கும். காவல் இல்லாத அவள் பயந்தாள். பயந்தபடியே காலை மயிரிழை தளர்த்தினாள். ஸ்டியரிங்கைத் தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டாள். காத்திருந்தாள். வால் தானாக நேரே வந்து சேர்ந்தது. திரும்பவும் மிதித்தாள்.

அதன் பிறகு வந்ததற்கு அவளிடம் பெயர் இல்லை. எதிரே வெள்ளை. அதற்கு மேல் நீலம். நடுவில் பூமி வளைகிற கோடு. ஒரு காலத்தில் முழுக்கக் கடலாக இருந்த, அவள் முன்னோர் பாய் விரித்துப் போன அந்தப் பெரிய வெளி அவளை நோக்கி வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. இதே உப்பை அணைக்கரையிலிருந்து இருபது வருடம் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் அது வெறும் தரையாக இருந்தது. இப்போது அது எவ்வளவு பெரியது, தான் எவ்வளவு சின்னவள் என்று தெரிந்தது, அப்படித் தெரிவதே பேரானந்தமாக இருந்தது. பயத்தை எடுத்தபோது இதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாமலே எடுத்துவிட்டார்கள். அவள் வாய்விட்டு அழுதாள், கால் மட்டும் அசையவில்லை.

கடைசிக் கொடி தாண்டியதும் கேபிளை இழுத்தாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கணத்தில் மூன்று இழையையும் எண்ணினாள். பிறகு ஒரு பெரிய கை பின்னாலிருந்து அவளைப் பிடித்தது. குடை விரிந்துவிட்டது.

வாளை நின்றது. உலகமே கப்சிப்பென்று இருந்தது.

துணைவண்டி நிற்பதற்கு முன்பே ராயப்பன் குதித்து ஓடிவந்தான். உப்பில் இரண்டு முறை விழுந்தான். மூடியைத் திறந்து, கவசத்தைக் கழற்றி, அவள் கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். பத்தும் இருந்தது. அப்புறம் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். பதினான்கு வருடக் கல்யாணத்தில் அவன் அவளிடம் அன்பாகத்தான் இருந்திருக்கிறான். ஆனால் அவளை இழக்கக்கூடியவன் ஒருவன் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நீ ஒரு புள்ளியா ஆகி, அப்புறம் அந்தப் புள்ளியும் இல்லாம..." என்றான்.

"வந்துட்டேங்க," என்றாள் அவள். "இங்கதான் இருக்கேன்."

ஹபீபா கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் இதைச் செய்ய அவளுக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "அண்ணே, உங்க நாப்பது முடிஞ்சிருச்சு."

"இன்னும் ரெண்டு நிமிஷம்மா. ரெண்டே ரெண்டு."

"எல்லாரும் கேக்குறாங்கண்ணே. நானும் ஒருக்கா கேட்டேன்."

கோல் அவன் காதுக்குப் பின்னால் போய் வந்தது. ஜெனோவா அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஏதோ இறங்கிப் போவது அவளுக்குத் தெரிந்தது. அவள் முகத்தைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்து, தோளில் இரண்டு தட்டுத் தட்டின.

"நானூத்தி எண்பத்தாறு," என்றான் சந்தோஷமாக. "நல்லா ஓட்டுன. கேபிள மாத்துனதும் ஒரு வகையில நல்லதுதான்."

பிறகு, பாதைக்கு அந்தப் பக்கம் கிடந்த குடையைச் சுருட்டப் புறப்பட்டான். தூரத்தில், தொடக்கக் கோட்டில், அடுத்த வண்டி எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. அது கிளம்பப் பத்து நிமிடமாவது ஆகும். ஜெனோவாவுக்கு அது தெரியும். தெரிந்தும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "பாத்துப் போங்க."

ராயப்பன் திரும்பி, வழக்கமான நல்ல சிரிப்பைச் சிரித்தான்.

"எதுக்கு? அதான் காவல் போட்டாச்சே."

ஹபீபா கோலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பி நின்றாள். ஜெனோவாவின் கணக்கில் இன்னும் இருபது நிமிடம் மீதமிருந்தது. அந்தப் பெரிய வெள்ளைவெளியில் சின்னதாக நடந்துபோகிற மனிதனை அவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடமும் அவனுக்காகப் பயந்துகொண்டிருந்தாள்.