அறுபத்தொரு அசல் படங்கள்

டைட்டன் குடியிருப்பில் அன்று நினைவு ஏற்றும் நாள். கப்பலில் வந்த நாற்பது பேரும் காலை ஆறு மணிக்கே குளித்து, துவைத்த சட்டை போட்டு, தாம் யாரென்று தெரியாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் அதில் கலக்கமில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் "நீங்க யாரு?" என்று கேட்பதும், அவர் "இன்னும் சொல்லல, பத்து மணிக்குத் தெரியுமாம்" என்பதும் அந்தக் கூடத்தில் மாதந்தோறும் கேட்கிற பேச்சுதான்.

பூமியிலிருந்து சனிக்கோளின் இந்தத் துணைக்கோளுக்கு ஏழாண்டுப் பயணம். பயணிகளை உறைய வைத்துத்தான் கொண்டுவர முடியும். நெடுந்துயில் என்ற அந்த உறக்கத்தில் பேச்சு போகாது, கைத்தொழில் போகாது. முகங்களும் நாட்களும் மட்டும் உப்புப்போல் கரைந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரும் புறப்படும்போதே தம் வாழ்க்கையிலிருந்து முந்நூறு படங்களைத் தேர்ந்து கொடுத்துவிட வேண்டும். இங்கே நினைவேற்றி என்னும் இயந்திரம் அவற்றை மூளைக்குள் நட்டுவிடும். மழைப் படம் ஒன்றைக் கொடுத்தால் போதும், மண்வாசனையையும் நனைந்த காலின் குளிரையும் அதுவே நெய்து சேர்த்துக்கொள்ளும். ஒருமுறைதான் ஏற்றலாம். அதற்குப் பிறகு வாயால் எவ்வளவு சொன்னாலும், யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பது போலத்தான் இருக்கும்.

நினைவேற்றிக்கு ஒரே ஒரு குறை. கொடுத்த படத்தை அப்படியே நம்பிவிடும். மூன்றாண்டுக்கு முன் வந்த கோவில்பட்டிக்காரர் ஒருவருடைய கல்யாண ஆல்பத்தில், மனைவி ரோஜாப்பூவுக்குள் இருந்து எட்டிப் பார்ப்பது போல ஒட்டிய படம் இருந்தது. நினைவு ஏறியதும் மனிதர் நேரே பண்ணைக்குப் போய், ஒவ்வொரு பூவாக இதழ் விரித்து, "ஏ புள்ள, உள்ள இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முந்தைய கப்பலில் வந்திருந்த மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அந்த வாரமே சட்டம் வந்தது. ஒட்டுப்படம் எதுவும் உள்ளே போகக் கூடாது. சட்டத்தை எழுதிக் கொடுத்தவள் படச் சோதனைப் பிரிவின் தலைவி அன்னத்தாய். சாத்தூரில் ஸ்டுடியோ வைத்து இருபத்தைந்து ஆண்டு ஒட்டுப்படம் செய்தவள். மணமக்களைப் பிறைநிலாவில் உட்கார்த்துவது, மூடிய கண்ணைத் திறந்துவிடுவது, செத்துப்போன தகப்பனைக் கல்யாண மேடையில் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் அவள் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் தொழிலின் சூட்சுமங்களையெல்லாம் சல்லடை என்ற சோதனை நிரலுக்கு அவளே பழக்கினாள். முகத்தில் ஒரு பருவை அழித்திருந்தாலும் சல்லடை அந்தப் படத்தைத் தள்ளிவிடும்.

அன்றைக்கு அவள் சோதனை அறையில் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் கணவர் வேலாயுதம் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்னத்தாய் புறப்பட்டபோது தம் தாய் படுக்கையில் கிடந்ததால் அவரால் கூட வர முடியவில்லை. நான்காண்டு கழித்து, அந்தக் கிழவியைக் கரையேற்றிவிட்டுக் கப்பல் ஏறியவர். ஒருமுறை தலையைத் தூக்கி அன்னத்தாயைப் பார்த்தார். சுவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடியும் உப்புமாவுக்குப் போனார். பத்து மணிக்குச் சரியாகிவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சொந்தக்காரர் ஆல்பத்தைச் சொந்தக்காரர் சோதிக்கக் கூடாது என்பதும் அவள் எழுதிய சட்டம்தான். அதனால் அதை அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் ரோஸ்லின் எடுத்துக்கொண்டாள். ஏழு மணி வாக்கில் ரோஸ்லின் வெளியே வந்தாள். தூத்துக்குடிக்காரி, எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுகிறவள். இப்போது வாய் அசையவில்லை.

"அக்கா, அத்தான் படம் முந்நூறுல அறுபத்தொண்ணுதான் தேறிச்சு."

"அறுபது போதும்டி. பனிமலைப் படம் இருக்குல்ல? நானும் அவுகளும் குலுமணாலில நிக்கிறது?"

"தள்ளிருச்சுக்கா."

"சல்லடைக்கு என்ன கோளாறு?"

"கோளாறு இல்லக்கா. தேறின அறுபத்தொண்ணுல 'மனிதர்'னு ஒரு படங்கூட இல்ல. எல்லாம் சாமானும் காயிதமும்."

அன்னத்தாய்க்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தப் பனிமலையில் கால் மரத்துப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கு நேற்றுப்போல் நினைவிருந்தது. ஊரார் படங்களைத்தானே ஒட்டினோம், தங்களுடையதை எதற்கு ஒட்ட வேண்டும் என்று கேட்டாள். ரோஸ்லின் சோதனை அறைக் கதவைத் திறந்துவிட்டாள். சட்டத்தை எழுதியவளே சட்டத்தை மிதித்து உள்ளே போனாள்.

ஒட்டுப்படத்தின் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டும் கருவிக்கு அவர்கள் உரிப்பான் என்று பெயர் வைத்திருந்தார்கள். பனிமலைப் படத்தை அதில் வைத்தாள். முதலில் பனி உரிந்தது. அது ஏதோ காலண்டரிலிருந்து எடுத்தது. அடுத்து அவள் தோளில் கிடந்த சால்வை. அதற்கடுத்து அவள் தாடையின் கீழ் வெட்டியெடுத்த சதை திரும்பி வந்து உட்கார்ந்தது. கடைசியில் வெள்ளைத் திரையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அவர் மேல் இடப்பக்கத்து வெயில், வேர்த்த சட்டை, சாத்தூர் பேருந்து நிலையம். அவள் மேல் வலப்பக்கத்து விளக்கு, அவளுடைய சொந்த ஸ்டுடியோவின் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே எட்டு மாத இடைவெளி என்று தேதி சொன்னது.

பாரிஸ் கோபுரத்தை உரித்தாள். கப்பல் மேல்தளத்தை உரித்தாள். இருவரும் ராஜா ராணியாக யானைமேல் இருந்ததையும் உரித்தாள். எதற்குள்ளும் இரண்டு பேர் ஒரே வெளிச்சத்தில் நிற்கவில்லை. கல்யாணப் படத்தில்கூட மாலையைத் திருத்தி, மேடையை மாற்றி, இரண்டு முகத்தையும் வேறு படங்களிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தாள். மூலப் படங்களை அழித்ததும் அவள்தான். வைத்திருந்தால் யாராவது பார்த்துவிடுவார்களே.

அவள் இங்கே வந்தபோது சட்டம் கிடையாது. எல்லாப் படமும் தலைக்குள் ஏறியிருந்தது. யானையின் முதுகுச் சொரசொரப்புகூட அவள் உள்ளங்கையில் இருந்தது. இங்கே வந்த நான்காண்டாக அந்த மனிதரை நினைத்து அழுததெல்லாம் அந்தப் பனியில்தான், அந்தக் கோபுரத்தடியில்தான்.

"ரோஸி, எனக்குக் குளிருச்சுடி."

"தெரியும்க்கா."

"நாங்க ரெண்டு பேரும் எங்கயாவது சேந்து நின்னுருக்கமா?"

"நின்னுருப்பீங்க. படம் எடுக்கிற அளவுக்கு அது நல்லாத் தோணிருக்காது."

ஒன்பது மணி ஆகியிருந்தது. சல்லடைக்குத் தெரியாத ஒரே ஒரு ஒட்டு முறை அன்னத்தாயிடம் பாக்கி இருந்தது. யாருக்கும் கற்றுக்கொடுக்காமல் எந்தத் தொழில்காரரும் ஒன்றை மறைத்து வைத்திருப்பார். ஒரே ஒரு படம் போதும், சாதாரணமாக, டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது போல. பொய்தான். ஆனால் அது இல்லாவிட்டால் பத்து மணிக்கு அந்த மனிதருக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. ரோஸ்லின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அதுவே அவள் கொடுத்த சம்மதம்.

கை பழைய வேகத்தில் ஓடியது. பெஞ்சு வந்தது. அவர் வந்தார், அவள் வந்தாள், வெயிலை ஒன்றாக்கினாள், நிழலை இறக்கினாள். தத்ரூபமாக இருந்தது. முடித்துவிட்டோம் என்று நினைத்து ஏறிட்டவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை நின்றிருக்கவில்லை. அது தன்பாட்டுக்கு அவள் தாடையைச் செதுக்கி முடித்து, கன்னத்துக் கரும்புள்ளியைத் துடைத்து, அவருடைய வழுக்கையில் முடி நட்டுக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் யாரோ இரண்டு பேர்.

அழித்தாள். மறுபடி வைத்தாள். மறுபடியும் கை தாடைக்குப் போனது. மூன்றாம் முறை அவளே கருவியை அணைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்கு அறுபத்தொரு படங்களும் ஏறின.

கூடத்தில் வழக்கமான இரைச்சல் எழுந்தது. ஒருவர் பிள்ளையைத் தேடினார், ஒருத்தி கன்றுக்குட்டியை நினைத்துச் சிரித்தாள். வேலாயுதம் கண்களைத் திறந்து, உதவிக்கு நின்ற இயந்திரப் பணியாளிடம் நெகிழ்ந்துபோய்த் தம் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார். வாசல் மின்சார மீட்டர் ஐப்பசியில் நாலாயிரத்து எழுபதில் நின்றதாம். சமையலறைக் குழாய் ஒழுகியதாம். பைக்கைச் சந்தைக்கு வெளியே ஏழாவது வரிசையில் நிறுத்தியிருந்தாராம். பிய்த்துப் போட்ட பரோட்டாவின் மேல் சால்னா ஊற்றிய ஒரு தட்டை நினைத்தபோது அவர் குரல் தழுதழுத்தது. "எவ்வளவு நல்ல வாழ்க்கை தெரியுமாப்பா" என்றார். மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று அவர் அவசரமாக எடுத்த, யாருக்கும் காட்ட வேண்டியிராததால் யாருமே கைவைக்காத படங்கள் அவை.

அன்னத்தாய் எதிரே போய் நின்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. மெல்ல முகம் மலர்ந்தது.

"அம்மா, ஒங்கள எனக்குத் தெரியுமே."

பின்னால் நின்ற ரோஸ்லின் மெல்வதை நிறுத்தினாள்.

"ஆறு ஏழு மூணு ரெண்டு, ஒம்பது பூஜ்யம் ஒண்ணு ஒண்ணு, நாலு எட்டு அஞ்சு ஏழு" என்றார் வேலாயுதம், ஒரு இடத்திலும் தடுமாறாமல். "அன்னத்தாய். கணவர் பேரு வேலாயுதம்னு போட்டிருக்கும். பதினாலு, பெருமாள் கோயில் தெரு, சாத்தூர். சரியா?"

அவளுடைய அடையாள அட்டை. ஏதோ விண்ணப்பத்துக்காக அவர் படமெடுத்து வைத்திருந்தார். தம் பெயர்தான் வேலாயுதம் என்று சொல்லும் படம் எதுவும் அந்த அறுபத்தொன்றில் இல்லை. காகிதம் என்று வகை பிரித்து சல்லடை அதை உள்ளே விட்டிருக்கிறது. அட்டை கொடுக்கும் அலுவலகத்து ஆள், அவள் தலையைக்கூடச் சரிசெய்யவிடாமல், பேச வாய் எடுத்த நொடியில் பொத்தானை அமுக்கிவிட்ட படம். பிதுங்கிய கண், நெற்றியில் ஒட்டிய முடி. திருத்தினால் அட்டை செல்லாது என்பதால் விட்டுவைத்தது. யார் கேட்டாலும் அட்டையை எண் தெரியும்படி, முகத்தில் கட்டைவிரலை வைத்துத்தான் காட்டுவாள்.

"என் வாழ்க்கையில ஆளுன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க" என்றார் அவர். "நாம எப்படிப் பழக்கம்னுதான் பிடிபடல."

அன்னத்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண் விரிந்தபடி, வாய் பாதி திறந்தபடி, அப்படியே நின்றாள்.

வேலாயுதம் மனநிறைவோடு தலையை ஆட்டினார்.

"படத்துல இருக்கிற மாதிரியே இருக்கீங்கம்மா."