முப்பதும் தப்பு

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது மேகம் என்றுதான். வயது பத்து. ஒரு முறை கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. இரண்டாம் முறை "ம்" என்பாள், ஆனால் ஆள் அசையமாட்டாள். மூன்றாம் முறை யாராவது தோளைத் தொட்டால்தான் எங்கிருந்தோ இறங்கி வருவாள்.

தோளைத் தொடுவது தம்பியின் வேலை. அவனுக்கு வயது ஏழு. செல்லப்பெயர் சுண்டெலி. ஆள்தான் சுண்டெலி, மூளை அப்படியில்லை.

அவர்கள் அம்மா ஒரு தையற்காரி. வீட்டு முன்னறைதான் கடை. அம்மா துணியை விரித்து, வெட்ட வேண்டிய இடங்களில் சாக்குக்கட்டியால் கோடு போடும்போது சுண்டெலி எதிரே நின்று தலைகீழாகப் பார்ப்பான்.

"அம்மா, சட்டைக்கை வெட்டுற துண்டைத் திருப்பிப் போட்டா ஒரு முழம் துணி மிச்சமாகும்."

அம்மா திருப்பிப் போட்டுப் பார்ப்பாள். ஒரு முழம் மிச்சமாகும். "இருபது வருஷமா வெட்டுறேன், எனக்குத் தோணலையே!" என்று வாயில் ஊசியோடு சிரிப்பாள்.

வகுப்பு ஆசிரியைக்கும் இவனைச் சமாளிப்பது பெரும்பாடாகிவிட்டது. இரண்டாம் வகுப்புக் கணக்கை அவர் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் இவன் விடையைச் சொல்லிவிடுவான். அப்புறம் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவான். கடைசியில் அவர் அம்மாவை வரச் சொல்லி, "இவனோட அறிவை ஒருதடவை அளந்து பாத்துடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மேகம் அம்மாவின் அளவுநாடாவை எடுத்துத் தம்பியின் தலையைச் சுற்றிப் பிடித்தாள். ஐம்பத்தொரு சென்டிமீட்டர். தன் தலையையும் அளந்தாள். ஐம்பத்து மூன்று.

"அப்ப உனக்குத்தான் அறிவு ஜாஸ்தி, அக்கா" என்றான் சுண்டெலி. அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

சோதனை செய்யும் டாக்டரின் அறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. உயரமான ஜன்னல், வெளிர்நீலத் திரை. காற்று வரும்போது திரை மெல்ல உப்பி, மறுபடி ஜன்னலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அறையே மூச்சு விடுவதாக மேகத்துக்குத் தோன்றியது.

டாக்டர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற அம்மையார். "உட்காருங்கம்மா. இதுல பயப்பட எதுவும் இல்ல. முப்பது படம் இருக்கு. ஒவ்வொரு படத்துலயும் ஒரு துண்டு காணாமப் போயிருக்கும். கீழ இருக்கிற நாலு துண்டுல சரியானதுக்கு நேரா கட்டத்துல கோடு போடணும். எத்தனை சரின்னு பாத்து, அதே வயசுப் பசங்களோட ஒப்பிட்டு ஒரு எண் போடுவோம். நூறு வந்தா எல்லாரையும் போல. நூத்தி முப்பதைத் தாண்டுறவங்க நூத்துக்கு ரெண்டு பேர்தான் இருப்பாங்க."

"தாண்டினா?" அம்மா கேட்டாள்.

"அந்த மாதிரி பசங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. ஆனா வேற ஊர்ல. அங்கேயே தங்கிப் படிக்கணும்."

மேகம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சோதனைக்காக அவனை மட்டும் அறையில் விட்டுவிட்டு, அம்மாவும் மேகமும் வெளியே வந்தார்கள். மேகம் நடையில் கிடந்த மரப்பெஞ்சில் படுத்துக் கூரையைப் பார்த்தாள். தம்பி இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றாள். எப்படி நினைத்தாலும் அவன் ஏதாவது ஒரு மூலையில் வந்து நின்றான். பீரோவுக்குப் பின்னால், தையல் மெஷினுக்கு அடியில், துணிக்குவியலுக்குள். கடைசியில் அவள் அந்த முயற்சியை விட்டுவிட்டாள்.

அரைமணி நேரம் கழித்து டாக்டர் அவர்களை உள்ளே கூப்பிட்டார். அவர் கையில் ஓட்டைகள் போட்ட ஓர் அட்டை இருந்தது. விடைத்தாள்மேல் அதை வைத்தால், சரியான விடைகள் மட்டும் ஓட்டை வழியாகத் தெரியும்.

"ஒண்ணுகூடச் சரியில்லம்மா" என்றார் தயக்கத்தோடு. "முப்பதும் தப்பு. சின்னப் பையன், பயந்துட்டான்போல. இதோட விட்டுடலாம்."

அம்மா முகம் சுருங்கிப் போனது. ஆனால் மேகத்துக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது. தம்பி போகமாட்டான்! அவன் இங்கேயேதான் இருப்பான்! அவளுக்குக் கால் தரையில் படவே இல்லை.

டாக்டரும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேசையில் எழுதாத விடைத்தாள் ஒன்று கிடந்தது. மேகம் நாற்காலியில் சாய்ந்து, பென்சிலை எடுத்தாள். வரிசைக்கு ஒரு கோடு. எந்தக் கட்டம் என்று பார்க்கவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பென்சில் போன இடத்துக்குப் போகவிட்டாள். முப்பது கோடு போட்டு முடித்ததும், விளையாட்டாக அந்த அட்டையை எடுத்து மேலே வைத்தாள்.

எட்டு ஓட்டைகளில் கோடு தெரிந்தது.

மேகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். படத்தைப் பார்க்காமலே எட்டு சரி. எல்லாவற்றையும் பார்த்து எழுதிய தம்பிக்கு ஒன்றுகூடச் சரியில்லையா? முப்பதையும் தவறவிட வேண்டுமென்றால், சரியான விடை எதுவென்று முப்பது முறையும் தெரிந்திருக்க வேண்டுமே!

அவனைத் திரும்பிப் பார்த்தாள். தோள்கள் காதுவரை ஏறியிருக்க, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இப்படி இருப்பவர்களை அவள் கடையில் தினமும் பார்க்கிறாள். அம்மா அவர்கள் இடுப்பில் நாடாவைச் சுற்றியதும் சிலர் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அந்த அளவில் தைத்தால் பொத்தான் தெறித்துவிடும். அதனால் அம்மா, "சாப்டீங்களா?" என்பாள். அவர்கள் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் வயிறு பழைய இடத்துக்கு வந்துவிடும். அப்போதுதான் அம்மா அளவைப் படிப்பாள்.

சொன்னால் தம்பி போய்விடலாம். சொல்லாவிட்டால் அவன் இப்படியே மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பான். எத்தனை நாள் இருப்பான்? அழுகை அழுகையாக வந்தது அவளுக்கு.

"டாக்டர், இந்த அளவு செல்லாது" என்றாள் மேகம். "இவன் வயித்த எக்கிட்டான்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மேகம் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் காட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அட, இதை நான் கவனிக்கலையே!"

மேகம் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏன்டா?"

"நூத்தி முப்பது வந்தா வேற ஊருக்குப் போகணுமே" என்றான். "முதல்லயே டாக்டர் சொன்னாங்களே. நான் போயிட்டா உன்னை யாரு ரோட்டுல பாத்துக்குவா? நீ பாட்டுக்கு வானத்தப் பாத்துக்கிட்டே நடப்ப."

"நான்தானடா உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்?"

"அப்படின்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க."

அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

"கஷ்டமா இருந்துச்சா, எல்லாத்தையும் தப்பாப் போட?" டாக்டர் ஆர்வத்தோடு கேட்டார்.

"பதினேழாவது மட்டும்தான். அதுல ரெண்டு விடை சரியா வந்துச்சு. ரெண்டையும் விட்டுட்டேன்."

டாக்டர் பதினேழாவது படத்தை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு பென்சில் எடுத்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டார்.

"டாக்டர்" என்றாள் மேகம். "எங்க அம்மா அளவு எடுத்தா, உடனே தைச்சே ஆகணும்னு இல்ல. சிலபேர் அளவு குடுத்துட்டு, துணியை அடுத்த வருஷம்கூட கொண்டுவருவாங்க. அதுமாதிரி அளந்துட்டு, போகாம இருக்கலாமா?"

"தாராளமா இருக்கலாம்."

"எங்க பள்ளிக்கூடத்துல மாடியில பெரிய அண்ணன்களுக்கு வகுப்பு நடக்குது. கணக்குக்கு மட்டும் இவன் அங்க போயிட்டு, மத்ததுக்குக் கீழ வந்துடலாமா?"

டாக்டர் அம்மாவைப் பார்த்தார்.

"இவனை நான் எங்க அனுப்பப் போறேன்?" என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா!"

சுண்டெலி நீளமாக மூச்சு விட்டான். தோள்கள் இரண்டும் கீழே இறங்கின.

அடுத்த வாரம் வேறு படங்களோடு சோதனை நடந்தது. இந்தமுறை டாக்டர் எண்ணைச் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "என்கிட்ட இருக்கிற அளவு இத்தோட முடிஞ்சுபோச்சும்மா. இவன் இன்னும் மிச்சம் இருக்கான்" என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை சுண்டெலி மாடிக்குப் போனான். உயரமான பெஞ்சில் ஏற ஒரு பெரிய அண்ணன் தூக்கிவிட்டாராம். மேகம் கீழே தன் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெள்ளை மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. சுண்டெலி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! அக்கா! இன்னைக்கு எனக்கு ஒரு கணக்கு நெஜமாவே தப்பாப் போயிடுச்சு!"