சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சண்டை

கதவு படாரென்று திறந்தது.

"இது வகுப்பா, சந்தைக்கடையா?"

படத்துக்காக இருட்டாக்கிய அறைக்குள் வெளிச்சம் பாய்ந்தது. வாசலில், பக்கத்து வகுப்புக்குப் புதிதாக வந்த கணக்கு வாத்தியார். கையில் சாக்பீஸ், கண்ணில் அனல். அந்தக் கண்கள்... சே, கோபக்காரனுக்கு எதற்கு இவ்வளவு நல்ல கண்கள் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள் சமூக அறிவியல் டீச்சர்.

"வெளிநாட்டுப் படம் சார். அந்த ஊர் மனுஷங்களைப் பசங்க புரிஞ்சுக்கணும்னு..."

"புருஷனும் பொண்டாட்டியும் காட்டுக்கத்தல் கத்துறதையா? அந்த ஊர்க்காரங்க எப்பவும் சண்டைதான் போடுவாங்கன்னு என் பசங்க சுவர் வழியாவே கத்துக்கிட்டாங்க!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் முகம் சிவந்தது.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். "புகார் வந்திருக்கும்மா. இந்த வெள்ளிக்கிழமையோட படத்தை நிறுத்திடு."

அலையாய் அலைந்து வாங்கிய அனுமதி... ஒரே புகாரில் போச்சு! அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலில் மழை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் அந்தக் கண்கள். அவன்மேல் கோபம்தானே? பிறகு எதற்கு வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது? மானங்கெட்ட நெஞ்சு!

வெள்ளிக்கிழமை அவளே அவன் வகுப்பு வாசலில் போய் நின்றாள். "காதால கேட்டுப் புகார் குடுத்தீங்க. ஒரு தடவை கண்ணால பாருங்க. அப்புறம் நிறுத்திக்கிறேன்."

அவன் கடைசி பெஞ்சில் பையன்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தான். திரையில் அதே காட்சி. படகில் போன மனைவி புயலில் நனைந்து கரைக்கு வருகிறாள்... கணவன் கத்துகிறான். கத்திக்கொண்டே தன் கம்பளியை அவளுக்குப் போர்த்துகிறான், தலையைத் துவட்டுகிறான். அவளும் பதிலுக்குக் கத்துகிறாள். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு.

"இது சண்டையே இல்ல டீச்சர். அவரு பயந்துட்டாரு," என்றாள் ஒரு மாணவி. "எங்கப்பாவும் பயந்தா இப்படித்தான் கத்துவாரு."

 மணி அடித்ததும் அவன் விறுவிறுவென்று போய்விட்டான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவான்? கல்நெஞ்சக்காரன்!

மாலையில் மழை வெளுத்து வாங்கியது. குடையை மறந்து வந்தவள், ரோஷத்தோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். பின்னால் தடதடவென்று காலடி.

"அறிவிருக்கா உங்களுக்கு? இப்படியா நனைவாங்க? காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?" கத்திக்கொண்டே குடையை அவள் தலைக்குமேல் நீட்டினான் கணக்கு வாத்தியார். அவன் தொப்பலாக நனைந்தான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்கு சார் கத்துறீங்க?"

"ஹெச்.எம். மேடம்கிட்ட பேசிட்டேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன். உங்க படம் நிக்காது." மூச்சு வாங்கியது அவனுக்கு. "ஆனா... அதுக்காகக் கத்தல."

"வேற எதுக்காம்?"

"படத்தைப் போட்டுக் காட்டினவங்களுக்கு இதுகூடப் புரியலையா?"

"புரியல. வாயைத் திறந்து சொல்லுங்க."

"அன்னைக்குக் கதவைத் திறந்ததுலேருந்து எனக்குக் கூட்டல்கூடத் தப்பா வருது! உங்களைப் பிடிச்சிருக்கு... போதுமா?"

தெருவுக்கே கேட்டது. அவள் கண்கள் நிறைந்தன, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கும்தான்!" அவளும் பதிலுக்குக் கத்தினாள். "உங்களுக்கு மட்டும் அறிவிருக்கா? எப்படி நனையிறீங்க பாருங்க... கிட்ட வந்து நில்லுங்க!"