பெரியவர் நின்ற இடம்

புது லாரி வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகியும் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அப்பா அதை "வண்டி" என்றார். அம்மா "அது" என்றாள்.

புது வண்டிக்கு மாற்றாகக் கொடுத்துவிட்ட பழைய லாரிக்குப் பெயர் இருந்தது. பெரியவர். "பெரியவர் இன்னும் வரலையா?", "பெரியவருக்கு இன்னைக்கு இருமல் ஜாஸ்தி" என்றெல்லாம் வீட்டில் பேசிக்கொள்வார்கள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டு அத்தை இதைக் கேட்டுவிட்டு, ஒருநாள் இருமல் மருந்தோடு வந்து வாசலில் நின்றார்.

பெரியவரின் டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது. எல்லாம் எப்போதோ கண்ணை மூடிவிட்டன. அப்பாவுக்கு அவை தேவைப்படவும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டுவார். "பெல்ட் தளர்ந்திருக்கு" என்பார். இறங்கிப் பார்த்தால் தளர்ந்திருக்கும். இடது பக்கக் கதவு வளைவுகளில் தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வது திருகாணியின் வேலை. அந்த வேலை பார்த்துக்கொண்டேதான் அவள் பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்தாள்.

திருகாணி என்பது மகளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். எதையாவது திருகிப் பார்க்காமல் அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. ஆனால் புது லாரியில் திருக ஒன்றுமே இல்லை. எல்லாம் பொத்தான்கள். கதவு மூடினால் மூடியபடி கிடந்தது. இன்ஜின் சத்தமும் அவ்வளவாக இல்லை. அப்பா தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார்.

"வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார்.

சொல்லாமல் இல்லை. சாவியைத் திருப்பியதும் வரிசையாகப் பல விளக்குகள் எரிந்து அணையும். கடந்த சில நாட்களாக அதில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. அதோடு வண்டிக்கு அடியில், சிமெண்ட் தரையில், பெரிய தட்டு அகலத்துக்கு எண்ணெய் பளபளத்தது. அப்பா காலையில் பல் தேய்க்கும் முன்னாடியே டார்ச்சோடு மண்டிபோட்டு அதைப் பார்க்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை, மலைமேல் கட்டிய புதுப் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சுகள் ஏற்றிப் போக வேண்டும். விடுமுறை என்பதால் திருகாணியும் வரலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அவள் பையில் சட்டைகூட எடுத்து வைத்துவிட்டாள். வண்டி சரியாகாவிட்டால் பெஞ்சுகள் வேறு லாரியில் ஏறிவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம், வண்டி விற்ற கம்பெனியிலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு குழாயாகத் துணியால் துடைத்துப் பார்த்தார். எங்கும் ஒழுகவில்லை என்றார்.

"அப்ப தரையில இருக்கிறது என்ன தம்பி? நான் தலைக்குத் தேய்ச்ச எண்ணெயா?" என்றார் அப்பா.

அண்ணன் எழுந்து துணியை உதறினார். லீக் என்றால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குத்தான் எடுத்துப் போக வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார். விளக்கையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாமாம். இப்போதைக்கு மஞ்சள்தான், சிவப்பானால் ஓட்டவே கூடாது என்று எச்சரித்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காலையில் வந்து முடிவு சொல்வதாகக் கிளம்பிவிட்டார்.

பத்து நாள் என்றால் சனிக்கிழமை போய்விடும். மழை நின்றதும் திருகாணி வண்டிக்கு அடியில் புகுந்தாள். வாசலில் தேங்கிய தண்ணீர் சக்கரங்களுக்கு நடுவே ஓடி வந்து கறையை நனைத்திருந்தது. அதன்மேல் ஊதாவும் பச்சையுமாக நிறங்கள் மினுங்கின. விரலால் அழுத்தித் தடவினாள். விரல் ஈரமானது. ஆனால் கறுப்பாகவில்லை.

அவள் அங்கேயே குப்புறப் படுத்து யோசித்தாள். இப்போதுதான் சொட்டிய எண்ணெய் என்றால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்க வேண்டாமா? இந்த வாரம் முழுக்க மழை. நனைந்தால் பழைய கறைகூடப் புதிதுபோலத் தெரியுமோ?

வெளியே வந்து ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். தரை ஈரம் ஏறாமல் இருக்க முதலில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, அதன்மேல் அட்டையை வைத்து, இன்ஜினுக்கு நேர் கீழே தள்ளினாள்.

"அட்டை என்னடி சொல்லப்போகுது?" என்றார் அப்பா.

"ஒழுகினா சொல்லும். இல்லைன்னா சும்மா இருக்கும்."

"அம்மாவும் பொண்ணும் பேசறது ஒரே மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அப்பா உள்ளே போனார்.

காலையில் மூன்று பேரும் சேர்ந்து அட்டையை வெளியே இழுத்தார்கள். அதில் ஒரு பூனையின் காலடிகள் இருந்தன. பூனை சுருண்டு படுத்த வட்டமும், கொஞ்சம் முடியும் இருந்தன. எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை.

"அப்ப இந்தக் கறை யாருது?" என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டாள். "வேற யாருது? எத்தனை வருஷமா இதே இடத்துல நின்னாரு. விடியறதுக்கு முன்னாடி போவாரு, இருட்டினப்புறம் வருவாரு. நாம எப்பத் தரையைப் பாத்தோம்?"

அப்பா குனிந்து கறைமேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது. பெரியவர் வீட்டுக்குள் திரும்பும்போது வரும் கடகடச் சத்தம் திருகாணிக்கு நினைவு வந்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வரும். அப்பா எழுந்திருக்க ரொம்ப நேரமானது.

மெக்கானிக் அண்ணன் வந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பெனியில எங்களுக்குச் சொல்லித் தர்றதே இதுதான். நேத்து மழை அவசரத்துல எனக்குத் தோணவே இல்ல பாரு" என்று தலையைச் சொறிந்தார். லீக் இல்லை என்றானதும் நிம்மதியாக மஞ்சள் விளக்குக்கு வந்தார். அது டீசலில் தண்ணீர் சேர்ந்தால் எரியும் விளக்காம். ஃபில்டருக்கு அடியில் இருந்த சின்னக் குழாயைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். டேங்கின் அடியில் இருந்ததையும் வேறொரு வாளியில் வடித்தார்.

பாட்டிலைத் திருகாணி வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கலங்கலாக இருந்தது, மெல்லத் தெளிந்தது. மேலே மஞ்சளாக டீசல், கீழே தண்ணீர். நடுவில் கோடு போட்டது மாதிரி இரண்டும் ஒட்டாமல் நின்றன.

அப்பா சாவியைத் திருப்பினார். விளக்குகள் எல்லாம் எரிந்தன. எல்லாம் அணைந்தன. மஞ்சளும் அணைந்தது.

நாளைக்குத் தாராளமாக மலை ஏறலாம் என்றார் அண்ணன். பிறகு, டீசல் எங்கே போட்டது என்று கேட்டார். எப்போதும் போடும் பம்பில்தான் என்றார் அப்பா. சொல்லும்போது அவர் கண்கள் எங்கோ இருந்தன.

"புது வண்டியிலயே தண்ணியைக் கலந்து ஊத்தியிருக்காங்க. சும்மா விடக் கூடாது சார். இப்பவே ஆபீஸ்ல சொல்லி புகார் குடுக்கச் சொல்றேன்." அண்ணன் பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்தார்.

அந்த பம்பில் வேலை பார்ப்பது ஓர் அக்கா. பெரியவரின் இருமல் தெருமுனையில் கேட்டதுமே குழாயைக் கையில் எடுத்துத் தயாராக நிற்பவர். முதலில் அவருக்குத்தான் திட்டு விழும்.

திருகாணி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில், தண்ணீருக்குள், செம்பழுப்பாகத் துருத் துகள்கள் கிடந்தன. வீட்டுக்கு வந்து பதினைந்து நாள்கூட ஆகாத டேங்கில் துரு எப்படி வரும்? அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடம் எழுதாத அன்று அவளும் வகுப்பில் அப்படித்தான் நிற்பாள்.

அவள் கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

"அண்ணா, கையெல்லாம் டீசல். ஃபோன் நாறிப்போயிடும். முதல்ல கை கழுவிக்கோங்க" என்று அவரைக் கொல்லைக் குழாய்க்கு அழைத்துப் போனாள். சோப்பைக் கொடுத்து, நகக்கண்ணில் எல்லாம் தேய்க்கச் சொன்னாள். ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில் நின்று பாட்டிலை அவர் கையில் வைத்தாள்.

"பம்பு அக்கா பாவம்ப்பா" என்றாள்.

அப்பா பாட்டிலை ஒருமுறை சாய்த்தார். துகள்கள் மெதுவாக நகர்ந்தன. அவர் அவள் தலையில் கைவைத்து லேசாக அழுத்தினார்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஃபோனை எடுத்தார். அம்மாவும் வாசலுக்கு வந்திருந்தாள்.

"ஃபோன் பண்ணாதீங்க தம்பி" என்றார் அப்பா. "பம்புல இருக்கிற பொண்ணு மேல தப்பு இல்ல. பெரியவரைக் குடுக்கிறதுக்கு முந்தின நாள், அவர் டேங்க்ல மிச்சம் இருந்த டீசலை ஒரு கேன்ல பிடிச்சு வச்சிருந்தேன். அவரோடது கொஞ்சம் இதுலயும் ஓடட்டும்னு, நான்தான் ஊத்தினேன்."