மூன்றாவது வண்டி

“சரியான கம்பியைத்தான் போட்டேன் சார். என் பேச்சை ஒருத்தரும் நம்பல” என்று லைன்மேன் மூன்றாவது முறையாகச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த மீட்டர்காரர் தலையை மட்டும் ஆட்டினார். முப்பது வருடம் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர்; மனிதர்களின் பொய்யையும் அப்படியே படித்துவிடுவார் என்று அவருடைய அக்கா மகள் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பாள். வழக்கு என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை காலை லைன்மேன் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் புது ஃபியூஸ் கம்பி போட்டார். மாலையே அது எரிந்துபோனது. மூன்று வீட்டுக் கட்டடம் ஒன்றின் மாடியில், ஆக்சிஜன் மெஷினை நம்பிப் படுத்திருந்த அம்மாள் தனியாக மூச்சு முட்டிச் செத்தார். மெல்லிய கம்பியைப் போட்டுக் கொன்றுவிட்டான் என்று அம்மாளின் மகன் புகார் கொடுத்திருந்தார். அவர் கல்லூரி ஆசிரியர். லைன்மேனுக்கு வேலை போய்விட்டது, அடுத்தது ஜெயில்தான்.

“ஃபோன் வர்ற நேரத்தை எழுதி வைப்பீங்களா?”

“ஒண்ணு விடாம சார்.” நோட்டில் இருந்தது: ‘6.40. மகன். கரண்ட் போச்சாம், மெஷின் நின்னுடுச்சாம். போய்ச் சேர்ந்தது 7.15.’

“உடனே கிளம்பினீங்களா?”

“உடனே” என்றவர் மேசையைப் பார்த்தார்.

மறுநாள் மாலை மீட்டர்காரர் அக்கா மகளோடு அந்தக் கட்டடத்துக்குப் போனார். மீட்டர் அறையில் சார்ஜ் முறை எழுதிய ஒரு பலகை தொங்கியது. மூன்று வீட்டிலும் மின்சாரக் கார். அடுப்பும் ஏசியும் ஓடும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு காரைத் தாங்கும், மூன்றாவதைத் தாங்காது. ஆபத்தே வேண்டாம் என்று மாலையில் முறைக்காரர் மட்டும் சார்ஜ் போடுவார். மற்ற இருவரும் டைமரை இரவு பதினொரு மணிக்கு வைத்து வயரைச் செருகிவிடுவார்கள். செவ்வாய் முறை, கீழ்வீட்டுப் பல்மருத்துவருடையது.

“ஆறு மணிக்குப் போட்டேன், என் முறைதானே!” என்றார் அவர்.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் குரல் நடுங்கியது. “நான் தினம் ஆறரைக்கெல்லாம் வந்துடுவேன். அன்னிக்கு ஒரு பொண்ணு வண்டியைத் தூண்ல இடிச்சுட்டா, லேட்டாயிடுச்சு. வயரைச் செருகினேன், கரண்ட் போச்சு. ஆனா டைமர் பதினொண்ணுக்குத்தான் வெச்சிருந்தேன்! அதுக்கப்புறம் பயந்துபோய் நாங்க யாரும் இங்க சார்ஜே போடல.”

“மாமா, இவங்கதான்!” என்று அக்கா மகள் கிசுகிசுத்தாள்.

“அவசரக்குடுக்கை. சார்ஜர்ல மணியைப் பாரு.”

அவள் பார்த்தாள். ஃபோனில் ஐந்து ஐம்பது. டிரைவிங் ஸ்கூல் அம்மாளின் சார்ஜரிலும் ஆசிரியரின் சார்ஜரிலும் பத்து பத்து. பல்மருத்துவருடையது சரியாக இருந்தது.

மாடி அறையில் மெஷினும் ஒரு பழைய சுவர்க் கடிகாரமும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தன. கரண்ட் திரும்பி வருமுன்பே உடலை எடுக்க அதைப் பிடுங்கியவர்கள் திரும்பச் செருகவில்லை. கடிகாரம் 6.52இல் நின்றிருந்தது. கட்டிலுக்கடியில் தூசி படியாத ஒரு சதுரம்.

“மெஷினோட பேட்டரி இருந்த இடம். முந்தின நாள்தான் ரிப்பேருக்குக் கொடுத்தேன்” என்றார் ஆசிரியர். “என் கெட்ட நேரம்.”

மீட்டர்காரர் இன்ஸ்பெக்டரையும் லைன்மேனையும் வரவழைத்தார். எல்லோரும் மீட்டர் அறையில் நின்றார்கள்.

“ரெண்டு சார்ஜர்லயும் மணி நாலு மணி இருபது நிமிஷம் கூட ஓடுது. நமக்கு ஆறு நாற்பதுன்னா அதுக்குப் பதினொண்ணு. யாரோ வேணும்னே திருப்பி வெச்சிருக்காங்க, ஆறு நாற்பதுக்கு மூணு வண்டியும் சேர்ந்து இழுக்கட்டும்னு. ஆனா மூணாவது வண்டி லேட். அது வந்து சேர்ந்தது ஆறு ஐம்பத்திரண்டுக்கு. அப்பதான் ஃபியூஸ் போச்சு, கடிகாரமும் நின்னுச்சு.” ஆசிரியரிடம் திரும்பினார். “நீங்க எங்கிருந்து ஃபோன் பண்ணினீங்க?”

“காலேஜ்ல, எல்லார் முன்னாலயும். கரண்ட் போச்சுன்னு டாக்டர்தான் சொன்னார்.”

“நானா?” என்றார் பல்மருத்துவர். “நான் உங்களைக் கூப்பிடவே இல்லையே.”

“போகாத கரண்ட்டைப் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே போச்சுன்னு சொல்லணும்னா, அது எப்பப் போகணும்னு குறிச்சவராத்தான் இருக்கணும். உங்க காரும் சேர்ந்து இழுக்கணுமேன்னுதான் அன்னிக்குன்னு பார்த்து அதை வீட்ல விட்டுட்டு பஸ்ல போயிருக்கீங்க.”

ஆசிரியர் மறுக்கவில்லை. “நாலு வருஷம் சார். அந்த மெஷின் சத்தம் இல்லாம ஒரு ராத்திரி தூங்கணும், அவ்வளவுதான்” என்றார்.

லைன்மேன் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். “என் நோட்டு என்னைக் காப்பாத்திடுச்சு!”

அக்கா மகள் ஆர்வக்கோளாறில் கேட்டுவிட்டாள். “உங்க ஆபீஸ் இங்கிருந்து அஞ்சு நிமிஷ நடைதானே? ஆறு நாற்பதுக்கே கிளம்பியிருந்தா, ஃபியூஸ் போறப்போ நீங்க இங்கேயே...” பாதியில் நிறுத்தினாள். மாமா அவளைப் பார்க்கவில்லை.

“சீட்டாட்டம்மா” என்றார் லைன்மேன். “கடைசி ஆட்டம். இவர் தினம் இப்படித்தான் கூப்பிடுவார், போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது...”

கையில் விலங்கு மாட்டிய ஆசிரியர் சிரித்தார். “ஒரு மாசமாச் சும்மாச் சும்மாக் கூப்பிட்டது பின்னே எதுக்கு? நீ வரமாட்டேன்னு தெரிஞ்சுதான்யா கூப்பிட்டேன்.”

லைன்மேன் நோட்டைப் பையில் வைக்கப் போனார், வைக்கவில்லை. எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“உங்க வேலை திரும்பக் கிடைச்சுடும்” என்றார் மீட்டர்காரர்.