கல்லுக்குள் ஐந்து விரல்

மருந்துத் தண்ணீரின் புளித்த வாடைக்கும் தகரக் கூரையில் விடாமல் விழும் தூறலுக்கும் நடுவே, இப்போதுதான் கழுவியெடுத்த எக்ஸ்ரே படத்தைச் சிவப்பு விளக்கடியில் தூக்கிப் பிடித்த டோரீன், அதில் இருக்கக் கூடாத ஒன்றை மூன்றாவது தடவையாகப் பார்த்தாள்.

எண்பத்தொன்றில் இலங்கை மலைநாட்டில், கொத்மலைப் பக்கம் அணைக்காகச் சுரங்கம் தோண்டியவர்கள் போட்ட கொட்டகை அது. சுரங்கத்துக் கல்லை இரும்புச் சட்டத்தில் பூட்டி, ஒட்டினாற்போல் வெடி வைப்பார்கள். அடி விழுந்து கல் நசுங்கும் அந்தக் கணத்தை, கண் இமைப்பதற்குள் எக்ஸ்ரே பிடித்துவிடும். கல் எவ்வளவு சுருங்கியது என்று எஞ்சினியர் துரைமார் அளப்பார்கள். வெடி வைப்பவன் அவள் தம்பி டக்ளஸ். அவளுக்கு இந்த இருட்டறை வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

வெடிக்கு முந்திய படத்தில் வெறும் கல். நசுங்கும் கணத்துப் படத்தில் மட்டும் ஐந்து விரலெலும்பு. திங்கட்கிழமை நிழல் மாதிரி இருந்தது. புதன்கிழமை கணுக்கள் தெரிந்தன. இன்று சுண்டுவிரலின் கோணல்கூடத் தெரிந்தது. ஒடிந்து கோணலாய்ச் சேர்ந்த அந்த விரலை அவள் எத்தனையோ ராத்திரி நீவி விட்டிருக்கிறாள்.

இக்னேசியஸ். அவள் புருஷன். இதே சுரங்கத்தில் வேலை செய்தவன். எவளோ ஒருத்தியோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான் என்று போன வருஷம் டக்ளஸ்தான் வந்து சொன்னான். அவன் நாசமாய்ப் போகட்டும் என்று அவள் மாதாவிடமே வேண்டியிருக்கிறாள்.

டக்ளஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கதவைச் சாத்தினான்.

“போன வருஷம் சுரங்கத்துல வெடிக்கு முன்னே ஆள் எண்ணுறப்ப மச்சான் வெளிய வரலக்கா. எங்கயோ பீடி குடிக்கிறாருன்னு நெனச்சேன். அன்னைய பேரை வெட்டி நாள் சம்பளத்தப் புடிச்சிருவாங்கன்னு, அவருக்குப் பதிலா நான் கொரல் குடுத்தேன்.”

“அப்புறம்?”

“வெடிச்சிட்டாங்க.”

தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில், காலையில் பேர் கூப்பிடும்போது, ஆளுக்கு ஆள் செய்துகொள்ளும் உதவிதான். அதை அவள் மன்னித்திருப்பாள். ஆனால் அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே இல்லாத அந்த ஒருத்தியின் நிறம், உயரம், நெற்றிப் பொட்டு என்று புதிது புதிதாகச் சொன்னானே, பாவி.

தொட்டியில் கடைசிப் படம் கிடந்தது. எடுத்தாள்.

விரல்கள் கல்லுக்கு வெளியே. மூடியிருந்தன. எதையோ பிடித்திருந்தன. இன்னொருவர் மணிக்கட்டு.

வெடியறையில் யாருமே இல்லாதபோது எடுத்த படம்.

“காலையில இருந்து இந்தக் கை மரத்துப் போயிருக்குக்கா” என்றான் டக்ளஸ், சட்டைக் கையை மேலே இழுத்தபடி.

மணிக்கட்டைச் சுற்றி ஐந்து பள்ளம். தோல் கிழியவில்லை. ரத்தம் இல்லை. சதை மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எலும்பு நெரிபடும் சத்தம், மெதுவாக. அவனுக்கு அது கேட்கவில்லை.

சொல்லலாமா என்று டோரீன் நினைத்தாள்.

சொல்லவில்லை.

அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். மணிக்கட்டு விரல் பருமனுக்குச் சுருங்கியிருந்தது.