வருகிறேன் என்ற சொல்

அந்தி மயங்கிக் கீழ்வானில் நிலவு எழுந்த நேரம். வேறொரு நாளாயிருந்தால், வாசகர்களே, நிலவொளியில் நெளியும் அந்த மலையாற்றின் எழிலை நாலு பக்கம் வர்ணித்து உங்கள் பொறுமையைச் சோதித்திருப்பேன். அன்றோ நாணற்காட்டில் ஒரு பறவைகூடக் குரல் எழுப்பவில்லை. எதிர்க்கரையில் பகைவரின் தீவர்த்திகள் ஒவ்வொன்றாகப் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே சோழப் படைத்தலைவன் விடங்கன் தன்னந்தனியாக மலையவர் கோட்டை வாயிலை அடைந்தான். மலையவர் கணவாயைக் காத்து நின்றால் கீழ்நாட்டு ஊர்கள் பிழைக்கும். வழிவிட்டார்களோ, அத்தனையும் சாம்பல்தான்!

வாயிலில் வேலைக் குறுக்கே நீட்டி நின்றாள் மலையவர் தலைவி கொற்றி.

"எந்த முகத்தோடு வந்தீர், தளபதியாரே? சென்ற கார்காலத்தில் நட்புப் பேசிவிட்டு, இதே இடத்தில் 'வருகிறேன்' என்றீர். அதை நம்பி என் தமையன் கணவாயை விட்டு அசையாமல் காத்திருந்தான். பகைவர் வந்தார்கள், நீர் வரவில்லை!"

விடங்கனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட பாவமே! கீழ்நாட்டில் 'போகிறேன்' என்பது அபசகுனம். ஜன்மப் பகையாளியிடம் விடைபெறுகிறவனும் 'வருகிறேன்' என்றுதான் சொல்லித் தொலைப்பான். மலையவருக்கோ அது சத்தியவாக்கு. 'அது எங்கள் ஊர் வழக்கம்' என்ற சமாதானம் அவன் நாக்கு நுனிவரை வந்தது. மாண்டவனுக்கு முன்னால் வழக்குப் பேசவா? வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"தேவி, பொருள் அறியாமல் சொன்னேன். குற்றம் என்னுடையதே."

"பகைவனின் தூதன் காலையில் வந்து போனான். வழிவிட்டால் எங்களைத் தொடமாட்டானாம். எதிர்த்து நின்றால், உமது படை நாளை துணைக்கு வருமா?"

'வரும்' என்ற ஒரு சொல் போதும். கணவாய் காக்கப்படும், ஊர்கள் பிழைக்கும். ஆனால் அவன் படை கீழ்நாட்டில் பெருகிய வெள்ளத்துக்கு அப்பால் சிக்கிக் கிடந்தது.

"தெரியாது, தேவி. வெள்ளம் வடிந்தால்தான் படை வரும். நான் ஒருவன் இருக்கிறேன். தங்கள் தமையனார் நின்ற இடத்தைக் காட்டுங்கள், அங்கே நிற்கிறேன்."

"அந்தப் பாறையிலிருந்து பின்வாங்க வழி கிடையாது."

"அறிவேன்."

எதிர்க்கரைத் தீவர்த்திகள் ஆற்றில் இறங்கத் தொடங்கின. கொற்றி குறுக்கே நீட்டியிருந்த வேலை விலக்கினாள்.

"வெள்ளச் செய்தி நேற்றே எனக்கு எட்டிவிட்டது. 'வரும்' என்று சொல்லியிருந்தீரானால் இந்த வேல் உம் மார்பில் பாய்ந்திருக்கும்" என்றாள். பிறகு கோட்டைக்குள் திரும்பி, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்.

"முரசை முழக்குங்கள்! கணவாய் திறவாது, இது என் அண்ணன்மேல் ஆணை!"